கண்ணை மூடு, விரலைக் காட்டு

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் விரல் டீச்சர். கணக்குப் பாடம் முடியப்போகும்போது, "எல்லாரும் தலையைக் கவுத்துக்கோங்க, கண்ணை மூடிக்கோங்க" என்பார். பிள்ளைகள் பெஞ்சில் முகம் புதைத்து ஒரு கையை மட்டும் மேலே நீட்டுவார்கள். டீச்சர் ஒரு கேள்வியையும் மூன்று விடைகளையும் சொல்வார். முதல் விடை சரி என்று நினைப்பவர் ஒரு விரல், இரண்டாவது என்றால் இரண்டு, மூன்றாவது என்றால் மூன்று. டீச்சர் சத்தமில்லாமல் நடந்து விரல்களைப் பார்த்துக்கொண்டே போவார்.

எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் பையன், நாலு வரி எழுதுவதற்குள் மணி அடித்துவிடும் பெண், வாய் திறக்கவே கூச்சப்படும் பிள்ளை என்று எல்லோருக்கும் இது பொருந்தியது. தப்பு செய்தவரைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. பக்கத்தில் எட்டிப் பார்க்கவும் வழியில்லை.

இதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் படித்த காலத்தில் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்றால் வகுப்பே "புரிஞ்சுது சார்!" என்று கத்தும். அவரும் கூடவே வாயசைப்பார். வகுத்தல் தெரியாமலேயே வகுப்பு வகுப்பாகத் தாண்டினார். கடைசியில் அக்காதான் கண்டுபிடித்து, தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்தாள். தன் வகுப்பில் ஒரு பிள்ளைகூடக் கூச்சலுக்குள் ஒளியக்கூடாது என்ற பிடிவாதம் அங்கே பிறந்தது. வீட்டுக்காரருக்கு அது கேலிப்பொருள். டீ எப்படி இருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு விரலைக் காட்டுவார்.

அந்த ஆண்டு பாதியில், பின்தங்கிய பிள்ளைகளைப் பின்னாலிருக்கும் அறையில் தனி வகுப்பாக வைத்து, இரண்டாம் வகுப்புப் பாடத்தை மறுபடி நடத்தலாம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்தார். விரல் டீச்சர் மூன்று பேரைச் சொன்னார். அதில் ஒருத்தி முதல் பெஞ்சில் இருக்கும் இஸ்திரிக்கடைக்காரம்மாவின் மகள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவாள். விரல் காட்டும்போது மட்டும் பக்கத்துப் பிள்ளையின் கை அசைந்து தோளில் உரசிய பிறகுதான் அவள் விரலை விரிப்பாள், அதுவும் குத்துமதிப்பாக ஒன்றோ இரண்டோ மூன்றோ. பக்கத்தில் இருப்பது வகுப்பிலேயே கெட்டிக்காரி. தேர்வில் அவளைப் பார்த்துத்தான் எழுதுகிறாள் என்று டீச்சர் முடிவு கட்டியிருந்தார்.

மறுநாள் காலை, மணியடிப்பதற்கு முன்பே தாய் மகளோடு வந்துவிட்டாள்.

"என்ன டீச்சர், எம் பொண்ணைப் பின்னாடி ரூமுக்குத் தள்ளுறீங்களாமே? கடையில துணி எண்ணி மீதிச் சில்லறை கொடுக்கிறதே அவதான்."

"வீட்ல எல்லாரும் கெட்டிக்காரங்கதாம்மா. இங்க கேட்டா விரல் தாறுமாறாப் போகுது."

"நீயே டீச்சருக்குச் சொல்லுடி" என்றாள் தாய். மகள் ஜன்னல் வழியே விளையாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாய் பெஞ்சிலிருந்து எழுந்துபோய் அவள் தோளில் தட்டித் திருப்பினாள்.

"எதுக்கு எழுந்து போறீங்க? கூப்பிட்டா வரமாட்டாளா?"

"கூப்பிட்ட குரலுக்கு வர்ற ஆளா இது? அப்பன் திமிரு அப்படியே இருக்கு. நேரா மூஞ்சிக்கு முன்னாடி போய் நின்னாதான் மகாராணிக்குக் காது கேக்கும்!"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். டீச்சர் சிரிக்கவில்லை. மேசைமேல் கிடந்த ஒரு நோட்டை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டார்.

"பதினஞ்சுல நாலு போனா எவ்வளவு?"

சிறுமி நோட்டை உற்றுப் பார்த்தாள். தலையை இடப்பக்கம் சாய்த்தாள், பிறகு வலப்பக்கம். நோட்டுக்குப் பின்னால் இருக்கும் வாயைத் தேடினாள். டீச்சர் நோட்டை இறக்கி அதே கேள்வியைக் கேட்டார்.

"பதினொண்ணு" என்றாள் உடனே.

"என்ன டீச்சர் இது, கண்ணாமூச்சி?"

"இது திமிரு இல்லம்மா. இவளுக்குக் காது சரியாக் கேக்கலை. நாம பேசுற வாயைப் பார்த்துத்தான் புரிஞ்சுக்கிறா. டாக்டர்கிட்ட காட்டணும்."

தாய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். "இதுக்காக நான் அடிச்சிருக்கேனே டீச்சர்."

"நானும்தான் தினம் கண்ணை மூடச் சொல்லிட்டுக் கேள்வி கேட்டேன்."

மூவரும் அவர் அறைக்குப் போய்ச் சொன்னபோது தலைமையாசிரியர் லேசில் விடவில்லை. "விரல் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே அடிச்சுச் சொன்னீங்க?"

"சொன்னேன் சார். இவளுக்குக் கேள்வியே போய்ச் சேரலை. மத்த ரெண்டு பேரையும்கூட நான் மறுபடி பார்க்கணும்."

"சரி, என் முன்னாடியே இவளைக் கேளுங்க. பார்த்துட்டு முடிவு பண்றேன்."

டீச்சர் சிறுமிக்கு எதிரே, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார்ந்து ஒவ்வொரு கணக்காகக் கேட்டார். பெருக்கல், கூட்டல் எல்லாம் சரியாக வந்தன. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்குகள் மட்டும் எல்லாமே தப்பு. தாளில் எழுதிப் போடும்போது, சின்ன எண் மேலே இருந்தாலும் கீழே உள்ள பெரியதிலிருந்துதான் அதைக் கழித்தாள்.

"கடன் வாங்கத் தெரியலை சார்."

"எங்க வீட்ல அது தெரியாத ஒரே ஆள் இவதான்" என்றாள் தாய், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. தலைமையாசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முதல் பெஞ்சுலயே இருக்கட்டும். கூட்டிட்டுப் போங்க" என்றார்.

அன்று கணக்குப் பாடம் முடியும் நேரம். பிள்ளைகள் பழக்கத்தில் தலையைக் கவிழ்த்தார்கள்.

"வேண்டாம், நிமிர்ந்து என்னைப் பாருங்க. விரலை நெஞ்சோட ஒட்டி வெச்சுக் காட்டுங்க. பக்கத்துல பார்க்கக் கூடாது."

கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு ஒன்றைக் கேட்டார். இஸ்திரிக்கடைக்காரம்மாவின் மகள் யாருக்காகவும் காத்திருக்காமல் இரண்டு விரலைக் காட்டினாள். சரியான விடை மூன்றாவது. இன்னும் பாதிப் பேர் இரண்டு விரலோடுதான் இருந்தார்கள்.

டீச்சர் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைப் பக்கம் திரும்பி, "மேல இருக்கிற எண் சின்னதா இருந்தா" என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். பிள்ளைகளைப் பார்த்துத் திரும்பி நின்று, முதலிலிருந்து சொன்னார்.