கொசுறுக்கு விழுந்த வரி

அத்தைக்குக் கொசுறு வைக்காமல் எதையும் கொடுக்கத் தெரியாது. பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய சர்க்கரையைத் திருப்பிக் கொடுத்தால், கிண்ணத்தின் மேல் இரண்டு ஏலக்காய் உட்கார்ந்திருக்கும். எனக்குத் தலை பின்னிவிட்டால் முடிவில் கன்னத்தில் செல்லமாக ஒரு தட்டு; அதுவும் கொசுறுதான். இந்தப் பழக்கம் சிலோன் வரைக்கும் போய் எங்கள் வயிற்றில் அடிக்கும் என்று யார் கண்டார்கள்?

அல்சூர் ஏரிக்குப் போகும் சந்து ஒன்றில் எங்கள் வீடு. முன்னறையில் அப்பாவின் ஊதுவத்திக் கம்பெனி. கம்பெனி என்றதும் பயந்துவிட வேண்டாம். அப்பா முதலாளி, அம்மாவும் அத்தையும் தொழிலாளிகள், அவ்வளவுதான். கரித்தூளும் பிசினும் பிசைந்த மாவை மூங்கில் குச்சியில் வைத்துப் பலகையில் ஓர் உருட்டு உருட்டினால் வத்தி. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பெண் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கரி ஏறிய அவள் விரல்களைப் பார்த்தார்கள், காபியைக் குடித்தார்கள், போய்விட்டார்கள்.

பெங்களூரில் தடுக்கி விழுந்தால் ஊதுவத்திக் கம்பெனி. உள்ளூரில் எங்கள் சரக்கைச் சீந்த ஆளில்லை. எங்களுக்குச் சோறு போட்டவர் கொழும்புக்காரர். வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே போன குடும்பம், எங்களுக்குத் தூரத்து உறவு. பூஜை சாமான் கடை வைத்திருந்தார். ஒருமுறை நேரில் வந்து சரக்கைப் பார்த்தார், அத்தை சமைத்ததைச் சாப்பிட்டார். அதிலிருந்து மாதம் தவறாமல் ஆர்டர் வந்தது. பெட்டிக்கு ஆணி அடிக்கும் முன்னால் அத்தை மேலாக ஒரு சின்னக் கட்டு வைப்பாள். விற்பனைக்குச் செய்யாத தாழம்பூ வத்தி, மஞ்சள் நூலால் கட்டியிருக்கும். வியாபாரம் என்றால் கொசுறு வேண்டாமா என்பாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் சிலோன்காரர்கள் வெளியிலிருந்து வரும் சரக்குக்குப் புது வரி போட்டார்கள். அப்பா எங்கள் எல்லாரையும் உட்கார வைத்து, மந்திரிசபைக் கூட்டம் போலப் பேசினார்.

"இனிமே பில்லுல என்ன இருக்கோ அதுதான் பொட்டியில இருக்கணும். ஒரு குச்சி அதிகமாப் போனாலும் திருட்டுச் சரக்குன்னுடுவான். இந்த ஆர்டர் போச்சுன்னா நான் மறுபடியும் மில்லு வேலைக்குத்தான் போகணும், சொல்லிட்டேன்."

அத்தை தலையாட்டினாள். தலை ஆடியதைக் கை கவனிக்கவில்லை போலிருக்கிறது.

கொழும்பிலிருந்து தந்தி வந்தது. துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்துவிட்டார்கள், கணக்கில் இல்லாத சரக்கு பிடிபட்டது, நேரில் வருகிறேன். அப்பா தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு குதித்தார்.

"கொசுறாம் கொசுறு! குடும்பத்தையே கொசுறா தூக்கிக் குடுத்துட்டியே!"

அத்தை பலகையின் முன்னால் உட்கார்ந்து உருட்டிக்கொண்டே இருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டால் பசிக்கவில்லை என்றாள். எனக்கு அப்பாமேல் அப்படியொரு கோபம். அவர் வாங்கித் தந்த கலர் பென்சிலைத் தொடமாட்டேன் என்று சபதம் செய்து, சாயங்காலம் வரை காப்பாற்றினேன்.

கொழும்புக்காரர் வந்தார். எனக்கு ஒரு பிஸ்கெட் டப்பா கொடுத்தார். அத்தை சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். டப்பாவோடு நானும் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

"புது வரியும் சேத்து வித்தா அங்க ஒருத்தரும் வாங்கமாட்டாங்கண்ணே. இனிமே ஆர்டர் குடுக்க வழியில்ல" என்றார்.

அப்பாவின் குரல் இறங்கிவிட்டது. "தப்பு எங்க மேலதான் தம்பி. என் தங்கச்சி புத்தியில்லாம..."

"அய்யோ, அதுக்காக இல்லண்ணே. வரி எல்லாருக்குந்தான்." காபி டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தச் சின்னக் கட்டு யாருதுன்னு ஆபீசர் கேட்டாரு. என்னுதுன்னு சொல்லி, அபராதம் கட்டி எடுத்துட்டுப் போனேன்" என்றார்.

"எதுக்குத் தம்பி? நாலணா பெறாத சரக்கு."

"இதுவரைக்கும் வந்ததுல ஒண்ணக்கூட நான் கொளுத்தலண்ணே. எல்லாம் அலமாரியில பத்திரமா இருக்கு."

"கொளுத்திப் பாக்காம வாசனை எப்படித் தெரியும்?" என்று அப்பா முதலாளியாகவே கேட்டார்.

அம்மா எழுந்துவிட்டாள். "நீங்க கொஞ்சம் உள்ள வாங்க" என்று அப்பாவை அழைத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தவள் நேராக ரவை டப்பாவைத் திறந்தாள். ஆர்டர் போன வீட்டில் யாராவது கேசரி கிண்டுவார்களா? அத்தையிடம் கேட்கலாம் என்று திரும்பினேன். அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். கையை எடுத்தபோது கன்னமெல்லாம் கரி, கண்ணெல்லாம் தண்ணீர். சிரிப்பு வேறு.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அப்பா சொன்னபடியே மில்லுக்குப் போகத் தொடங்கியிருந்தார். உருட்டும் பலகைகள் பரணில் ஏறிவிட்டன.

கண்டோன்மெண்ட் ஸ்டேஷனுக்கு எல்லாரும் போனோம். அத்தையின் டிரங்குப் பெட்டியை ரயிலில் ஏற்றியதும் எனக்கு ஒரு கவலை வந்துவிட்டது.

"மாமா, அத்தைக்கும் அங்க வரி கட்டணுமா?"

பிளாட்பாரமே சிரித்தது. அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தில் தட்டினாள். கொசுறாக இன்னொரு தட்டும் தட்டினாள். விரல்களில் கரி போய் மருதாணி சிவந்திருந்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை.

வண்டி போய்விட்டது. எல்லாரும் வெளியே நடந்தார்கள். அப்பா தண்டவாளத்தைப் பார்த்தபடி அங்கேயே நின்று, மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்து மாட்டுவார், மறுபடியும் கழற்றுவார். பாவம், இத்தனை நாளாகியும் மனுஷருக்கு அந்த வருத்தம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டேன். என் கோபமெல்லாம் போய்விட்டது. பக்கத்தில் போய் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு தேற்றினேன்.

"விடுப்பா. வேற ஆர்டர் வரும்."