ஆன்சி டீச்சரின் சிவப்பு நாட்கள்

2025 பிப்ரவரி 3 முதல் ஏப்ரல் 6 வரை மொத்தம் அறுபத்து மூன்று நாட்கள். அந்த நாட்களில் ஆன்சி டீச்சர் வீட்டை விட்டு இறங்கியது நான்கு முறை. நான்கும் டாக்டரைப் பார்ப்பதற்காக.

ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவர் முதல் மாடி, நான் இரண்டாம் மாடி. டீச்சர் பிறந்தது பாலக்கரையில்; அப்பா இன்னாசிராஜ் தபால்காரர். லால்குடியில் ஒரு பள்ளியில் பதினான்கு வருடமாக ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிறார். காலை பாசஞ்சர் இங்கே நிற்கும் என்பதற்காகவே இந்த வீட்டுக்கு வந்தார்கள். கணவர் பெனடிக்ட் காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டியில் வேலை பார்க்கிறார்.

ஜனவரி கடைசியில் கரும்பலகையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது டீச்சருக்கு மூச்சு அடைத்துவிட்டது. பள்ளியைச் சுற்றி வயலும் பார்த்தீனியக் களையும்தான். மகரந்த அலர்ஜி என்றார் டாக்டர். மாத்திரை, இன்ஹேலர், மாஸ்க் எல்லாம் கொடுத்துவிட்டு, மகரந்தம் அதிகமாக இருக்கும் நாட்களில் வெளியே போக வேண்டாம் என்றும் சொன்னார். அந்த நாட்கள் எவை என்று அவர் சொல்லவில்லை.

அதைச் சொல்ல இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. ஒரு பின்கோடு பகுதியில் ‘தும்மல்’, ‘கண் அரிப்பு’, ‘அலர்ஜி’ என்று எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பதை வைத்து, கடந்த இருபத்து நான்கு மணி நேரத்துக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு எண்ணும் ஒரு நிறமும் காட்டுவார்கள். பச்சை, மஞ்சள், சிவப்பு. தும்முகிறவர்கள் கூடினால் தேடுகிறவர்களும் கூடுவார்கள் என்பது கணக்கு. பெரிய ஊர்களுக்கு அது சரியாகவே வந்திருக்கிறது.

எங்களுக்குச் சிவப்பாகவே இருந்தது.

டீச்சர் ஜன்னல்களைப் பழுப்பு நிற டேப் போட்டு ஒட்டினார். துணி உள்ளேயே காய்ந்தது. வாசற்படி இடுக்கில் ஈரத்துண்டு. அந்த வீட்டின் புழுங்கிய வாடை மாடிப்படி வரை வரும். பெனடிக்ட் மார்க்கெட்டிலிருந்து வந்ததும் மாடிப்படியிலேயே சட்டையைக் கழற்ற வேண்டும்.

“பாருங்க சார், என் வீட்டுக்குள்ள போக நான் குளிச்சிட்டுப் போகணும். இங்க பெருமாளப் பாக்கப் போறவங்களுக்குக் கூட இவ்வளவு சட்டம் கிடையாது” என்பார் என்னிடம்.

“கதவத் தொறந்து வச்சுக்கிட்டு அங்க என்ன பேச்சு?” என்று உள்ளேயிருந்து குரல் வரும்.

நான் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன். மொட்டைமாடியில் வாஸ்லைன் தடவிய கண்ணாடி ஸ்லைடை ஒரு நாள் வைத்து எடுத்து, ஒட்டிய மகரந்தத் துகள்களை எண்ணுவது அங்கே என் வேலை; இப்போதும் அதைச் செய்துவருகிறேன். பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் ஒரு ஸ்லைடுக்கு நூற்று நாற்பது வரை வந்தது. மார்ச் நடுவில் இருபதுக்குக் கீழே இறங்கிவிட்டது. இணையப் பக்கம் மட்டும் பெரும்பாலும் எண்பத்தைந்திலேயே நின்றது. கண்புரை அறுவைக்குப் பிறகு என் கண் துகள்களை விடுகிறதோ என்று என்னைத்தான் முதலில் சந்தேகித்தேன். இரண்டையும் ஒரு நோட்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எழுதிவந்தேன். காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு என மூன்று வேளையும் கைபேசியில் பார்த்துக் குறிப்பேன்.

மார்ச் கடைசியில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. ஏப்ரல் 7, திங்கட்கிழமை முதல் மணிக்குள் வந்து சேராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆசிரியர். கடிதத்தை பெனடிக்ட் என்னிடம் காட்டினார். அன்று நோட்டை முதலிலிருந்து புரட்டினேன்.

மார்ச் 7: முப்பத்தெட்டு. 14: நாற்பத்தொன்று. 21: முப்பத்தாறு. 28: முப்பத்தொன்பது. நான்கும் மஞ்சள், நான்கும் வெள்ளிக்கிழமை. மற்ற நாளெல்லாம் சிவப்பு. செடிக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. தெரிந்தவர் கீழ்வீட்டில் இருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிகளில் கைபேசியைத் தொடுவதில்லை என்று டீச்சர் நேர்ந்திருந்தார்.

அந்தப் பக்கத்தின் முகவரி எங்கள் இருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறையும் ‘ஸ்ரீரங்கம் தும்மல் அலர்ஜி இன்று’ என்று தேடித்தான் உள்ளே போவோம். அந்தத் தேடலையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள். ஏப்ரல் 4 வெள்ளியன்று நானும் தேடவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு முறை பார்த்தேன். சாம்பல் நிறம்.

நோட்டுடன் கீழே போனேன். கதவு ஒரு சாண் திறந்தது. மாஸ்க்குக்கு மேலே கண்கள்.

“சிவப்பா சார்?”

“நிறமே இல்ல டீச்சர். ‘போதிய தேடல் இல்லை’ன்னு வருது.”

“நெட் போயிருக்கும்.”

“நெட் இருக்கு. நாமதான் இல்ல.”

நோட்டை வாங்கிப் பார்த்தார். கணக்கு டீச்சர், நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“நான் ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவையாவது பாப்பேன்” என்றார். “நீங்க?”

“மூணு.”

“அப்ப நாம ரெண்டு பேருதான் ஸ்ரீரங்கமா?”

பின்னாலிருந்து பெனடிக்ட் சிரித்தார். “உன்ன பூவும் பூட்டல, புல்லும் பூட்டல. நீயே தாழ்ப்பாளப் போட்டுட்டு நீயே கதவத் தட்டியிருக்க.”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க.” டீச்சரின் விரல் மார்ச் 7-இல் நின்றது. “சார், அப்பவே மஞ்சள்னு எழுதியிருக்கீங்க. ஏன் சொல்லல?”

“நாலு வாரமாவது பாக்காம எதையும் சொல்றது எனக்குப் பழக்கமில்ல.”

“அந்த நாலு வாரமும் நான் உள்ளயே கெடந்தேன் சார்.”

நோட்டை என்னிடம் நீட்டினார். “திங்கக்கிழமை போகலாமா? உங்க ஸ்லைடு என்ன சொல்லுது?”

“ஒன்பது. ஆனா அது நம்ம மொட்டமாடிக் கணக்கு. லால்குடி வயல்ல என்ன இருக்குன்னு அது சொல்லாது.”

“அப்ப யாருதான் சொல்லுவா?” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ஞாயிறன்று ஒரு ஜன்னலின் டேப்பை உரித்தாராம். பத்து நிமிடத்தில் திரும்பவும் ஒட்டிவிட்டார் என்று பெனடிக்ட் சொன்னார்.

திங்கள் காலை 7.12-க்கு டீச்சர் இறங்கினார். மாஸ்க் போட்டிருந்தார், கையில் இன்ஹேலர். தன் கைபேசியை பெனடிக்டிடம் நீட்டினார். “இத வச்சுக்குங்க. கையில இருந்தா பாத்துடுவேன்.” பெனடிக்டின் பழைய பட்டன் போனை வாங்கிக்கொண்டார். கேட் வரை போய்த் திரும்பி இரண்டு படி ஏறினார். மறுபடி இறங்கிப் போனார்.

ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நான் தேடவில்லை. கட்டங்கள் காலியாக இருந்தன. நடுவில் 9.40-க்கு அழைப்பு வந்தது.

“கையெழுத்துப் போட்டுட்டேன் சார். ரயில்ல பதினோரு தும்மல். வயல் தாண்டுறப்ப மட்டும் ஏழு. எழுதிக்குங்க.”

“மூச்சு?”

“இருக்கு. அதான் பேசுறேன்.” பின்னால் பிள்ளைகளின் இரைச்சல். “நாளைக்கு எப்படி சார் இருக்கும்?”

“தெரியல டீச்சர்.”

அங்கே மணி அடித்தது, வைத்துவிட்டார்.

நிறம் எழுதும் கட்டத்தில் பதினொன்று என்று எழுதினேன். மாலை 5.50-க்கு அவர் படியேறும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. கதவிடுக்கில் ஈரத்துண்டை அழுத்தும் சத்தமும் கேட்டது.