தாய்க்கிரகத்தைச் சுற்றி இருபத்தாறு கப்பல்கள்

எனக்குப் பேரம் பேச வராது. காரை ரிவர்ஸ் எடுக்கவும் வராது. ஆனால் ஒரு நட்சத்திரக் கூட்டத்தை என் கையில் கொடுத்துப் பாருங்கள், ஆண்டு காட்டுகிறேன். இதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது, இருபத்தைந்து வருட அனுபவம்.

நான் சொல்வது ஒரு பழைய கம்ப்யூட்டர் விளையாட்டை. திரை முழுக்கக் கறுப்பு, அதில் புள்ளி புள்ளியாக நட்சத்திரங்கள். ஒரே ஒரு கிரகத்தோடு ஆரம்பித்து, கப்பல் கட்டி, பக்கத்துக் கிரகங்களில் ஆள்களைக் குடியேற்றி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக வேண்டும். எதிராளியின் தாய்க்கிரகத்தைப் பிடித்தால் ஜெயம். நாம் நகர்த்தி முடித்து, 'டர்ன்' முடிந்தது என்று பட்டனை அழுத்தினால்தான் அவன் நகர்த்த முடியும். அதுவரை அவன் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அந்தக் காத்திருப்புதான் என்னை இழுத்தது. தாம்பரத்தில் எதுவும் எனக்காக நின்றதில்லை. பீச் லோக்கல் ரயில் நிற்காது, சிறுசேரிக்குப் போகும் என் ஆபீஸ் பஸ் அரை நிமிடம்கூட நிற்காது. இந்த விளையாட்டு நிற்கும். ஒரு கப்பலை எங்கே அனுப்பலாம் என்று மூன்று நாள் யோசித்தாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும். நிதானமாக யோசிப்பவனை மந்தம் என்று சொல்லாத இடம் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

என் எதிராளி எப்போதும் ஒரே ஆள்தான். கல்லூரி நண்பன், பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், வீடு ஊரப்பாக்கத்தில். முன்பு ஒரே கம்ப்யூட்டர் முன்னால் மாறி மாறி உட்கார்ந்து ஆடினோம். கல்யாணத்துக்குப் பிறகு, ஒருவர் தன் டர்னை முடித்து அந்த ஃபைலை மற்றவருக்கு அனுப்புவது என்று ஆனது. நாளுக்கு ஒரு டர்ன். நான் ஆபீஸ் பஸ்ஸில் மடியில் லேப்டாப்பை வைத்து ஆடுவேன். மேடவாக்கம் டிராஃபிக்கில் ஒரு சாம்ராஜ்யத்தையே கட்டி முடிக்கலாம்.

எங்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: ஆட்டம் முடியும் வரை பேச்சு கிடையாது. ஃபோன் இல்லை, மெசேஜ் இல்லை, ஃபைல் மட்டும். சட்டம் போட்டவன் நான்தான். அவன் குரலைக் கேட்டால் எனக்கு மனசு இளகிவிடும், சமாதான ஒப்பந்தம் போட்டுவிடுவேன், அடுத்த வாரமே அவன் முதுகில் குத்துவான். மூன்று முறை ஏமாந்த பிறகு புத்தி வந்தது. ஆட்டம் மூன்று மாதம் ஓடினால் மூன்று மாதமும் மௌனவிரதம். எங்கள் வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் அலட்டிக்கொண்டதில்லை. அவன் எப்படி இருக்கிறான் என்பதை அவன் ஆடுவதைப் பார்த்தே சொல்லிவிடுவேன். விடைத்தாள் திருத்தும் நாள்களில் அவசரப்படுவான். வீட்டில் சண்டை என்றால் என்மீது போர் தொடுப்பான். இதற்கு ஃபோன் எதற்கு?

கம்ப்யூட்டரை எத்தனையோ முறை ஜெயித்திருக்கிறேன். அவனை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. அதை நான் வெளியில் சொல்லிக்கொள்வதில்லை.

போன வருட ஆட்டத்தில் அந்தக் குறை தீரும்போல் இருந்தது. ஒரு திங்கட்கிழமையிலிருந்து அவன் எல்லையில் நின்ற போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கிரகங்களுக்கு அவன் எப்போதும் எங்கள் லைன் ரயில்வே ஸ்டேஷன்களின் பெயர்தான் வைப்பான். பொத்தேரியைப் பிடித்தேன், எதிர்ப்பே இல்லை. கூடுவாஞ்சேரி, வண்டலூர் என்று வரிசையாக விழுந்தன. மூன்றாவது வாரம் அவன் கப்பல்கள் எல்லாமே தாய்க்கிரகத்தைச் சுற்றி நின்றன. எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு. ஆள் பயந்துவிட்டான் என்று முடிவு கட்டினேன். என்னிடம் முப்பது கப்பல்கள் இருந்தன.

கடைசி அடி அடிப்பதற்கு முன்னால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்துவிட்டது. சட்டமாவது ஒன்றாவது! ஞாயிற்றுக்கிழமை காலை லேப்டாப்பையும் அரைக்கிலோ மைசூர்பாகையும் எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கம் போய்க் கதவைத் தட்டினேன்.

திறந்தது அவன் மனைவி. என்னைப் பார்த்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. உள்ளே அவன் கட்டிலில் சாய்ந்திருந்தான். பாதியாக இளைத்திருந்தான். சட்டைப் பொத்தானுக்கு மேலே, நெஞ்சின் நடுவில் தையல் தெரிந்தது.

"பைபாஸ்டா. பயப்படாத, ரிப்பேர் பண்ணியாச்சு" என்றான்.

பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். தாம்பரத்தில், நான் பஸ் ஏறும் இடத்திலிருந்து ஐந்து நிமிட நடை. தினமும் அந்தக் கட்டிடத்தைத் தாண்டிப் போய், பஸ்ஸில் உட்கார்ந்து, அவனுடைய கிரகங்களைப் பிடித்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. அது கோபமாக வெளியே வந்தது.

"ஏன்டா சொல்லல?"

"சொன்னா நீ வந்து அழுவ. உன்னப் பாத்தா எனக்குப் பயம் வந்துடும். அதான் ஃபைல் நிக்காம பாத்துக்கோன்னு இவகிட்ட சொன்னேன். ஃபைல் நின்னா நீ ஓடி வந்துடுவ."

பிறகுதான் புரிந்தது, மூன்று வாரமாக நான் அவனோடு ஆடவே இல்லை.

அவன் மனைவி சங்கடத்தோடு சொன்னார். "மன்னிச்சுக்கோங்கண்ணா. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. பட்டன மட்டும் அழுத்தி அனுப்பச் சொன்னாரு. ஐசியூ வாசல்ல உக்காந்து பாத்தா, கப்பலெல்லாம் எங்கெங்கியோ தனியா நிக்குது. பாக்கவே ஒரு மாதிரி இருந்துது. எல்லாத்தையும் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்."

மைசூர்பாகுப் பொட்டலத்தை மடியிலேயே வைத்திருந்தேன். ஆட்டத்தை இத்தோடு விட்டுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னேன்.

அவன் முகம் சிவந்துவிட்டது. "நீ விட்டுக்குடுத்தா நான் செத்துட்டேன்னு அர்த்தம். மரியாதையா இங்கயே ஆடு."

லேப்டாப்பைக் கட்டிலில் வைத்துத் திறந்தேன். மூன்று பேரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். என் முப்பது கப்பல்களையும் அவன் தாய்க்கிரகத்துக்கு அனுப்பிப் பட்டனை அழுத்தினேன்.

இருபத்தாறு கப்பல்களும் ஒரே இடத்தில் நின்றன, அதோடு கிரகத்தின் பீரங்கிகள் வேறு. அவற்றை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை, வெற்றி மயக்கத்தில் அதெல்லாம் எங்கே தோன்றும்? ஐந்து ரவுண்டில் என் கப்பல்கள் முப்பதும் போயின.

அவர் பதறிப்போய்க் கேட்டார், "அண்ணா, உங்களுக்கு வேற கப்பல் இல்லையா?"

அவன் தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தான். வலிக்குதுடா, வலிக்குதுடா என்று சொல்லிக்கொண்டே சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாகிவிட்டது. அவன் பயந்தபடியேதான் நடந்தது, ஆனால் அவன் பயப்படவில்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்னால் அவனுக்கு ஃபோன் செய்தேன்.

"சட்டத்த மீறுற, மச்சான்" என்றான்.

"நான் உன்கூட ஆடல, உன் வீட்டம்மாகூட ஆடறேன். நீ எப்படி இருக்க, அதச் சொல்லு."