வெர்னாவுக்குப் போய்ச் சேராத அறிவிப்பு

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் கோரலீ நாட்யுக் பார்த்த வேலை என்னவென்று அவளுடைய அண்ணனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பனித்தரையில் கல்லைத் தள்ளி ஆடும் கர்லிங் ஆட்டம் முடிந்து பியரோடு உட்காரும்போது, "தண்டோரா போடுற உத்தியோகம்னு சொல்லிட்டுப் போயேன்" என்பான். உண்மையும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. நாய், பூனை மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் சின்ன நிறுவனம் அது. அந்த மென்பொருள் வேறொரு சேவையோடு புதிதாக இணைக்கப்படும்போதெல்லாம், அதைப் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிவிப்பது கோரலீயின் பொறுப்பு. திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பும். அதில் நாலு வரி, ஒரு பொத்தான். அந்த நாலு வரிக்காக அவள் மண்டையை உடைத்துக்கொள்வாள். ஜனங்கள் படிக்காமலே மூடிவிடுவார்கள்.

அப்படி மூடுகிறவர்களில் முதல் ஆள் வெர்னா டிக். பிராண்டன் நகரத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில், ஒரே ஒரு டாக்டர் உள்ள மருத்துவமனையின் முன்மேசை அவளுடைய ராஜ்யம். அறுபதைத் தாண்டியவள். போன் செய்தால் கோரலீயைத்தான் கேட்பாள்.

"ரத்தப் பரிசோதனை முடிவெல்லாம் லேப்காரன் அனுப்பிடுறான். அதை நான் மறுபடி உங்களுதுல ஒவ்வொரு எண்ணா தட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்காதா? நானும் என் மாமியாருமே பேசிக்கிட்டோம்."

"கேட்டுக்கிட்டேதான் இருக்கேன் வெர்னா. செய்வாங்க."

"செய்யறப்ப செய்யட்டும். முதல்ல இந்தப் பெட்டியை ஒழி. இங்க ஒருத்தர் லாரில அடிபட்ட நாயைத் தூக்கிட்டு நிக்கிறார், உன் பெட்டி அவர் பேர் மேலயே ஏறி உக்காந்துக்குது."

கோரலீ சிரித்துக்கொண்டே அந்த மருத்துவமனைக்கு மட்டும் அறிவிப்புகளை நிறுத்திவைத்தாள். விதிப்படி செய்யக் கூடாதது. ஆனால் வெர்னாவுக்காக அவள் செய்துகொடுத்த சின்ன உபகாரம் அது.

இலையுதிர் காலத்தில் லேப் இணைப்பு வந்தது. அறிவிப்பை எழுதும்போது அவள் மனதில் இருந்தது வெர்னாவின் முகம் தெரியாத குரல்தான். 'இனி எதையும் திரும்பத் தட்ட வேண்டாம்' என்று முதல் வரியை வைத்தாள். பாதிக்கு மேற்பட்ட மருத்துவமனைகள் அதை இயக்கிக்கொண்டன. மேலாளர் எல்லோருக்கும் டோனட் வாங்கிவந்தார். வெர்னாவிடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை இல்லை. குறை இல்லாதவர்கள் கூப்பிட மாட்டார்கள் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் நம்புகிற ஒன்று. கோரலீயும் நம்பினாள். கிழவி சௌக்கியமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் வெர்னா கூப்பிட்டாள்.

"வெள்ளிக்கிழமை முழுக்க யாருக்கும் நேரம் குடுக்காதபடி அடைக்கணும். எப்படின்னு மறந்துபோச்சு. ஹெரால்டை அன்னிக்குத்தான் அடக்கம் பண்றோம்."

ஹெரால்டு அவள் கணவர். அக்டோபரிலிருந்து முதியோர் இல்லத்தில் இருந்தார் என்பது கோரலீக்கு அப்போதுதான் தெரிந்தது.

"தினமும் போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?"

"போனேன். இங்க தட்டி முடிச்சுட்டுப் போறதுக்குள்ள சாப்பாட்டுத் தட்டை எடுத்துடுவாங்க. மாத்திரை குடுத்துருப்பாங்க, அவர் தூங்கிடுவார். கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டு வருவேன்."

கோரலீ திரையில் அந்த மருத்துவமனையின் பக்கத்தைத் திறந்தாள். லேப் இணைப்பு இயக்கப்படவில்லை. அறிவிப்புகள் நிறுத்தப்பட்டிருந்தன. நிறுத்தியவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. வெள்ளிக்கிழமையை அடைத்துக்கொடுத்தாள்.

அடக்கம் முடிந்து அடுத்த வாரம் கோரலீயே கூப்பிட்டாள். சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

எதிர்முனையில் ஒரு நாய் குரைத்து ஓய்ந்தது.

"இலையுதிர் காலத்துலேயே வந்துடுச்சா?"

"ஆமா. ஒரு போன் பண்ணியிருக்கணும் நான். பண்ணலை."

"பெட்டியை ஒழின்னு சொன்னது நான்தானே." வெர்னாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் கோரலீக்குத் தாங்க எளிதாக இருந்திருக்கும். "சரி, போடு. எப்படித்தான் இருக்குன்னு பாப்போம்."

கோரலீ பொத்தானை அழுத்தினாள். அன்றைய முடிவுகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே வந்து, அந்தந்த நாய், பூனையின் பெயருக்கு நேராக உட்கார்ந்தன.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"வெளிச்சம்கூட இன்னும் போகலை" என்றாள் வெர்னா. ஜன்னல் பக்கம் திரும்பிப் பேசுவதுபோல் குரல் தள்ளிக் கேட்டது. "இப்பவே கிளம்பிடலாம் போலிருக்கே. கிளம்பி எங்க போறது?"

வெர்னா போனை வைக்கவில்லை, கோரலீயும் வைக்கவில்லை.