குறுக்கே வைத்த கை

சாய்ந்தமருதில் என் டயர்க் கடைக்குப் பக்கத்தில்தான் ஹில்மி கார் வயரிங் செய்கிறான். எங்கள் பக்கத்தில் சீதன வீடு பெண்ணுக்குரியது. பிரிந்தால் ஆண்தான் பையோடு வெளியேற வேண்டும். மகள் றிபா தவழ்ந்த காலத்தில் அவனும் அப்படி வெளியேறியவன்.

நேற்று ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. ஓட்டி வந்தவர் அவன் முன்னாள் மனைவியின் புதுக் கணவர். ஹில்மியை அவருக்குத் தெரியாது. பக்கத்து இருக்கையில் றிபா.

"பெட்டரி மாத்தின பிறகு சுவிட்ச ஒருக்காத் தட்டினா கதவுக் கண்ணாடி முழுசா ஏறுதில்ல, பாஸ்."

பெட்டரியைக் கழற்றினால் கண்ணாடி தன் அளவை மறந்துவிடும். ஹில்மி றிபா பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றி, சுவிட்சை விடாமல் பிடித்திருந்தான். சரியாகிவிட்டது. இனிச் சோதனை மட்டும்தான்: ஏறும்போது ஏதாவது தடுத்தால் கண்ணாடி தானாக இறங்க வேண்டும். கட்டையை வைத்துப் பார்ப்பதுதான் முறை. மடையன், கையை வைத்தான்.

இறங்கியது. றிபா சிரித்தாள்.

"இன்னொருக்கா, அங்கிள்!"

திரும்பத் திரும்ப வைத்தான். மணிக்கட்டு சிவந்தது. ஒவ்வொரு தடவையும் கண்ணாடி இறங்கி அவள் முகத்தைக் காட்டியது.

"சரிதானே பாஸ், கைய எடுங்க."

எடுத்தான். றிபா சுவிட்சை ஒருமுறை தட்டினாள். கறுப்புக் கண்ணாடி எங்கும் நிற்காமல் ஏறி மூடியது.