அத்தாயி கேட்டு வாங்கிய வருஷங்கள்

அர்த்தனாரி நாற்பது வயதில் ரத்தமாகப் போய்ச் செத்தார். அவருடைய மகன் செங்கோடன் முப்பத்தைந்தில் அதே மாதிரி செத்தான். இரண்டு பேருக்கும் ஆரம்பம் ஒன்றுதான். வெளிக்குப் போகும்போது ரத்தம் தெரியும். பிறகு சளி மாதிரி ஏதோ வரும், கடுப்பு எடுக்கும். கடைசியில் கூழ்கூட இறங்காமல் எலும்பும் தோலுமாகப் பாயில் கிடப்பார்கள்.

மலைமேல் இருந்த பெரக்கரை நாட்டில் அதைச் சாபம் என்றார்கள். அர்த்தனாரியின் அப்பன் காலத்தில் கோயில் காட்டில் நின்ற பலா மரம் ஒன்றை வெட்டிவிட்டார்களாம். அம்மன் அந்த வம்சத்தின் குடலைப் பிடித்துக்கொண்டாளாம். பூசாரி வேலப்பன் அப்பனுக்குக் கோழி அறுத்தார், மகனுக்குக் கடா வெட்டினார். அம்மன் பிடியை விடவில்லை.

அர்த்தனாரியின் மகள் அத்தாயிக்கு 1936ஆம் வருஷம் முப்பத்திரண்டு வயது. குழந்தை இல்லை. அண்ணன் செங்கோடன் செத்து, அண்ணியும் காய்ச்சலில் போன பிறகு, அவர்கள் மகள் ராமாயியைத் தன் வீட்டில் வைத்து வளர்த்தாள். அந்த வருஷம் சாமை அறுப்பின்போது, ஒதுங்கப் போன இடத்தில் ரத்தத்தைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து அரிவாளைப் போட்டு மிச்சக் கதிரையும் அறுத்து முடித்தாள். களத்தில் கதிர்க்கட்டை இறக்கிவைத்த கையோடு கணவன் சென்றாயனிடம் சொன்னாள்.

“ஏனுங்க, எனக்கும் வந்திருச்சு.”

“என்ன வந்திருச்சு?”

“எங்கப்பனுக்கு வந்தது.”

சென்றாயன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். “பூசாரிகிட்டச் சொல்லலாமா?” என்று கேட்டான்.

“அப்பனுக்குக் கோழி செத்துது, அண்ணனுக்குக் கடா செத்துது. ரண்டு பேருமே பொழைக்கலையே. நான் கீழ போறேன்.”

கீழே என்றால் டவுனில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரி. மிளகு விற்கச் சந்தைக்குப் போயிருந்தபோது, முள்ளுக்குறிச்சிக்காரி ஒருத்தி தன் வயிற்றைக் கிழித்துக் கட்டியை எடுத்ததையும், எடுத்த மூன்றாம் மாதம் நாற்று நட்டதையும் இவளிடம் சொல்லியிருந்தாள். மலையில் யாரும் அதை நம்பவில்லை. அத்தாயி நம்பினாள்.

அந்தக் காலத்தில் மலைக்கு ரோடு கிடையாது. காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதைதான். தூளி கட்டித் தூக்கிப்போகலாம் என்றான் சென்றாயன். காலு இருக்கையில் எதுக்குத் தூளி என்று அவள் நடந்தே இறங்கினாள். ஆறு இடத்தில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு தடவையும் சென்றாயன் எழுப்பிவிடக் கை நீட்டினான். அவள் பாறையைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. கறுத்து, ஒல்லியாக, கண்ணாடி போட்டிருந்தாள். கையுறை போட்டுக்கொண்டு பரிசோதித்தாள். பிறகு விளக்கு வைத்த குழாய் ஒன்றை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தாள். அத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி கிடந்தாள்.

கையைக் கழுவிக்கொண்டே டாக்டரம்மா கேட்டாள்: “உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி இருந்ததா?”

“எங்கப்பனுக்குங்க. எங்கண்ணனுக்குங்க. ரண்டு பேரும் செத்துட்டாங்க. சாபமுன்னு சொல்றாங்க.”

“சாபம் இல்லம்மா. உங்க குடல் உள்பக்கம் பூரா சின்னச் சின்னச் சதை முளைச்சிருக்கு. மிளகுக் கொத்து பார்த்திருப்பீங்கல்ல, அந்த மாதிரி. அப்பாகிட்ட இருந்து பிள்ளைக்கு வரும். எல்லாப் பிள்ளைக்கும் வராது. அதுல ஒண்ணு கெட்டுப்போய்ப் புத்துநோயா மாறியிருக்கு. ரத்தம் அதுலருந்துதான் வருது.”

“எடுத்துப்போடலாமுங்களா?”

டாக்டரம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். புற்று இருக்கும் அடிக்குடலை அறுத்தெடுக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு மலம் வழக்கமான வழியில் வராது. வயிற்றில் இடது பக்கம் ஒரு வாய் திறந்துவைக்க வேண்டும், ஆயுசு முழுக்க அதன் வழியாகத்தான் வரும். மேலே மிச்சமிருக்கிற குடலிலும் முளைகள் இருக்கலாம், அவ்வளவையும் எடுக்கிற வைத்தியம் தன் கையில் இல்லை. ஆபரேஷன் மேஜையிலேயே உயிர் போனாலும் போகலாம். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள்.

“பொழைச்சா எத்தன வருசமுங்க?”

“தெரியாது. சில வருஷம் கிடைக்கலாம்.”

“அந்தச் சில வருசத்தக் குடுங்க.”

நர்ஸ் சம்மதக் காகிதத்தைச் சென்றாயனிடம் நீட்டினாள். வயிற்றில் வாய் என்ற சொல்லிலேயே அவன் உறைந்துபோயிருந்தான். அத்தாயி கட்டிலில் இருந்தபடியே மை டப்பியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“வவுறு என்னோடதுங்க. ரேகையும் நானே வெக்கறேன்,” என்றாள். நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா தலையாட்டினாள். அத்தாயியின் பெருவிரலுக்குக் கீழே சென்றாயனும் தன் விரலை வைத்தான்.

முதல் ஆபரேஷனில் வயிற்றில் வாய் திறந்தார்கள். மூன்று வாரம் கழித்து, இரண்டாவதில் அடிக்குடலை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து முதல் தடவை வயிற்று வாயைப் பார்த்தபோது அத்தாயிக்கு அழுகை வந்துவிட்டது. பிளந்த அத்திப்பழத்தை ஒட்டவைத்தது போலச் சிவப்பாக, ஈரமாக இருந்தது. அவள் கேட்காமலே அது அசைந்தது, அவள் கேட்காமலே அதிலிருந்து வந்தது. சாப்பிடாவிட்டால் வராது என்று இரண்டு நாள் பட்டினி கிடந்தாள். அப்போதும் வந்தது. மூன்றாம் நாள் காலையில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“பட்டினியும் கெடந்து, இதையும் தொடைக்கறதா? சோறு கொண்டாங்க,” என்று நர்ஸை அதட்டினாள்.

டாக்டரம்மா அவளுக்கு ரப்பர்க் குழாய் ஒன்றும் தகரக் குவளையும் கொடுத்துப் பழக்கினாள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீரை அந்த வாய்வழியே உள்ளே விட வேண்டும். எல்லாம் வெளியே வரும்வரை பொறுமையாக உட்கார வேண்டும். பிறகு துணியை நாலாக மடித்து வைத்து இடுப்புப் பட்டையால் இறுக்கினால் பகல் முழுக்கத் தொந்தரவு இருக்காது. அத்தாயி இரண்டு வாரத்தில் கற்றுக்கொண்டாள். இரண்டரை மாதம் கழித்து, வந்த பாதையிலேயே மலை ஏறினாள்.

ஊர் அவளைப் பார்க்கக் கூடியது. பார்த்துவிட்டு விலகியது. மூக்கைச் சுளிக்கிற அளவுக்கு அவளிடம் வாடை எதுவும் இல்லை, ஆனாலும் சுளித்தார்கள். ஓடையில் எல்லோரும் தண்ணீர் மொண்டு முடித்த பிறகுதான் அவள் இறங்கினாள், அதுவும் கீழ்க் கரைக்கு. துணியை அங்கே அலசிப் பாறையில் காயப்போட்டாள். யாரும் சொல்லாமல் அவளாகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் தை மாதம் ஊர்ப்பொங்கலின்போது, அவள் கோயிலுக்கு முன்னால் கல் கூட்டிப் பானை வைத்ததும் பூசாரி வேலப்பன் வந்து நின்றார்.

“அத்தாயி, நீ பானை வெக்கக்கூடாது சாமி. ஊர்ல பேசி முடிவு பண்ணியாச்சு. காட்டுல கொட்டாய் போட்டுத் தரச் சொல்றோம். அங்க இருந்துக்க. வவுத்துல மலத்த வெச்சுக்கிட்டு அம்மன் முன்னால நிக்கலாமா?”

அத்தாயி அடுப்பு ஊதுவதை நிறுத்தினாள். சுற்றிலும் பெண்கள் அவரவர் பானைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“உங்க வவுத்துல என்ன இருக்குதுங்க பூசாரி?” என்று கேட்டாள்.

அவர் ஓரடி தள்ளி நின்றார்.

“சொல்லுங்க. காத்தால தின்ன களி எங்க போச்சு? உங்க வவுத்துல இருக்கறதுதான் எனக்கும். உங்களுக்குப் பின்னால போகுது, எனக்கு முன்னால போகுது. நான் காத்தால கழுவிச் சுத்தம் பண்ணிக்கிட்டு வந்திருக்கேன். இங்க நிக்கறதுல எத்தன பேரு அப்படி வந்திருக்கீங்க?”

பின்னால் யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டாள். வேலப்பனுக்கு முகம் சிவந்தது. “அம்மன் கோவிச்சுக்குவா,” என்றார்.

“எங்கூட்டுல ரண்டு உசுர எடுத்தாச்சு. என்னைய விட்டுட்டா. அவ விட்டவள நீங்க எதுக்குத் தொரத்தறீங்க? கொட்டாய்க்கெல்லாம் நான் போகமாட்டேன். எங்கூடு இருக்குது, எம்புருசன் இருக்காரு, எங்காடு இருக்குது.”

சென்றாயன் அதுவரை கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். இப்போது வந்து விறகுக் கட்டைப் பிரித்து அடுப்பில் வைத்தான். பானை பொங்கியது. அந்த வருஷம் அவள் பொங்கலை அவனும் ராமாயியும் மட்டும் தின்றார்கள். அடுத்த வருஷம் நாலைந்து பேர் கை நீட்டினார்கள். பாதி ஊர் கடைசிவரை வாங்கவில்லை. அவளும் கடைசிவரை பானை வைக்காமல் இருந்ததில்லை.

ராமாயியைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்தார்கள். 1941இல் அவளுக்குப் பதினேழு வயது. இரண்டு மாதமாக அவள் ஏன் வரவில்லை என்று அத்தாயி ஆள் விட்டுக் கேட்டபோது, அவள் உடம்பு சரியில்லை என்று மட்டும் சேதி வந்தது. அத்தாயி அரிவாளைக் கூரையில் செருகிவிட்டு உடனே கிளம்பினாள். ராமாயி வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டாயில் படுத்திருந்தாள். வெளுத்துப்போன முகத்தைப் பார்த்ததுமே அத்தாயிக்குப் புரிந்துவிட்டது.

“எத்தன நாளாக் கண்ணு?”

“அறுப்புல இருந்து அத்தை. வெளிய சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

மாமியார் பெருமாயி கதவை மறித்து நின்றாள். “எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம். தெரிஞ்சா எம்பொண்ண எவன் கட்டுவான்? வைத்தியன் வந்து மருந்து குடுத்திருக்கான். உங்கள மாதிரி வவுத்துல ஓட்டையோட எம்மருமக திரும்பி வந்தா, நாங்க தலை காட்ட முடியுமா?”

அத்தாயி தன் முந்தானையை விலக்கி, இடுப்புப் பட்டையை அவிழ்த்து, துணியை எடுத்தாள். பெருமாயி பின்வாங்கினாள்.

“நல்லாப் பாருங்க. இதோட அஞ்சு வருசமா நான் காடு கொத்தறேன், கதிரு அறுக்கறேன், மலை ஏறி எறங்கறேன். எங்கண்ணனுக்கு இந்த ஓட்டை இல்லீங்க. அவனப் பொதைச்ச எடத்துல புல்லு மொளைச்சுக் கெடக்குது. உங்க மருமக எப்படி இருந்தா உங்களுக்குத் தேவலை?”

பெருமாயி வழியை விட்டு ஒதுங்கினாள். ஓரமாக நின்றிருந்த ராமாயியின் புருஷன் வீட்டுக்குள்ளே போய் அவளுடைய மாற்றுச் சேலையை மூட்டை கட்டி எடுத்துவந்தான்.

டாக்டரம்மாவுக்கு இப்போது தலை நரைத்திருந்தது. குழாயை விட்டுப் பார்த்து, முளைகள் இருக்கின்றன, ஆனால் இன்னும் எதுவும் கெடவில்லை என்றாள். எட்டுகிற தூரத்தில் இருந்தவற்றை மின்சாரக் கம்பியால் சுட்டு எடுத்தாள். வருஷம் ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், ஒரு வருஷம்கூடத் தவறக்கூடாது என்றாள். தவறாமல் இருக்க அத்தாயி பார்த்துக்கொண்டாள். மாசி பிறந்தால் பெருமாயியின் வீட்டு வாசலில் போய் நிற்பாள். அத்தாயியும் ராமாயியும் சேர்ந்து மலை இறங்குவார்கள். மூன்றாம் வருஷம் ராமாயியின் இடுப்பில் குழந்தையும் இருந்தது.

அதே வருஷம் அத்தாயிக்கு வயிறு வீங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு, மேல்குடலிலிருந்து ஈரல்வரை போய்விட்டது என்றாள்.

“எட்டு வருசம் ஆச்சுங்களே,” என்றாள் அத்தாயி. “கேட்டதுக்கு மேலயே குடுத்துட்டீங்க. ஆனா எனக்குப் பத்தலைங்க. இன்னொரு எட்டுக் குடுத்தாலும் வாங்கிக்குவேன். இருந்தாக் குடுங்க.”

இல்லை என்று டாக்டரம்மா தலையசைத்தாள். அத்தாயி எழுந்தாள். வீட்டுக்கு வந்தும் இரண்டு மாதம் படுக்காமல் நடமாடினாள். கேழ்வரகுக் காட்டுக்கு எரு எங்கே கொட்ட வேண்டும் என்று சென்றாயனோடு சண்டை பிடித்தாள். ஆனி மாதத்தில் ஒரு மத்தியானம், ராமாயி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது உயிர் போயிற்று.

அடுத்த மாசியில் ராமாயியை அழைக்க வாசலுக்கு யாரும் வரவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் பெருமாயி கேட்டாள்: “தொணைக்கு ஆளில்லாம ஒத்தையில எப்படிப் போவே? இந்த ஒரு வருசம் விட்டா என்ன?”

“விடக்கூடாதுங்க அத்தை. ஒரு வருசம்னா எனக்கு ஆயுசுல ஒரு வருசமுங்க,” என்றாள் ராமாயி. “போயிட்டு வாரேன்.”

அவள் பாதையில் இறங்கினாள்.