பூச்சி தின்னிக்கு ஏ.சி. தண்ணீர்

எங்கள் குடும்பத்துக்குச் சந்தேகம் பரம்பரைச் சொத்து. பூட்டிய கதவை, தெருமுனை வரை போன பிறகு திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார் அப்பா. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கிப் பார்த்தே அதில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவாள் அம்மா. நான் மட்டும் என்ன லேசா? ஒன்பது வயதில், யாராவது என்னைப் பார்த்துச் சும்மா சிரித்தால்கூட எதற்குச் சிரிக்கிறார்கள் என்று யோசிப்பேன். அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் சித்தப்பா, ஈரச் செய்தித்தாளில் சுற்றி ஒரு கொடியைக் கொண்டுவந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு வீட்டின் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரர். அப்பாவின் தம்பியான சித்தப்பா எங்களோடு தங்கி எம்.எஸ்சி. தாவரவியல் படித்துக்கொண்டிருந்தார். அவர் கொண்டுவந்தது பூச்சி தின்னும் குடுவைச் செடி. இலை நுனியில் மூடி போட்ட குட்டிச் செம்பு மாதிரி ஒன்று தொங்கும். அதற்குள் விழுந்த எறும்பு வெளியே வராது. கல்லூரித் தோட்டத்தில் கழித்துப்போட்ட கொடி அது. அதைக் குச்சி குச்சியாக வெட்டி, வீட்டிலேயே வேர்விட வைத்துக் காட்டினால்தான் அவருடைய ப்ராஜெக்ட் தேறும்.

கொல்லையில் உட்கார்ந்து கொடியைச் சாய்வாக வெட்டினார். இலைகளில் பாதியைக் கத்தரித்தார். தேங்காய் நாரும் பாசியும் நிரப்பிய தொட்டிகளில் நட்டு, மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்தார். பைக்குள் வேர்த்து வழிந்தது.

"இது பல்லியைத் தின்னுமா?" என்று கேட்டேன்.

"நன்னா வளர்ந்தா தின்னாலும் தின்னும்."

என் தம்பி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான். அன்றிலிருந்து கொல்லைக் கதவைத் தாழ்ப்பாள் போடுவது என் பொறுப்பாயிற்று.

முதலில் நட்டதெல்லாம் கறுத்துச் செத்தன. எங்கள் போர் தண்ணீர்தான் காரணம். டம்ளரில் ஊற்றி வைத்தால் அடியில் வெள்ளையாக உப்புப் படியும் தண்ணீர் அது. மழைத் தண்ணீர்தான் உத்தமம் என்றார் சித்தப்பா. மழைக்கு எங்கே போவது? வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஒருநாள் பக்கத்துச் சந்தில் நின்று அண்ணாந்து பார்த்தவர், அப்படியே குதித்தார். மாடி அறை ஏ.சி.யிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. காற்றிலிருந்து வடியும் தண்ணீராம், பொட்டு உப்புக் கிடையாதாம்.

அந்த ஏ.சி., வீட்டுக்காரர் தன் மாப்பிள்ளையின் தலை தீபாவளிக்காக வாங்கி மாட்டியது. மாப்பிள்ளை வந்தது அந்த ஒரு தடவைதான். ஒரு வருஷம் முடிவதற்குள் வீட்டுக்காரர் பெண்ணான மாடி அக்கா மட்டும் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அதாவது, அவரவர் வீட்டுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டார்கள். அக்கா அந்த அறையை விட்டு வெளியே வந்து நான் பார்த்ததே இல்லை.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குச் சித்தப்பா வாளியோடு சந்துக்குப் போக ஆரம்பித்தார். அம்மாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

"உங்க தம்பி போறது தண்ணிக்குத்தானா?" என்றாள் அப்பாவிடம்.

"சொட்டறது தண்ணிதானேடி!"

அப்பாவை நம்பிப் பிரயோஜனமில்லை என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீயும் கூடப் போ. சித்தப்பா எங்க பார்க்கறார், யார்கிட்டப் பேசறார், எல்லாம் வந்து சொல்லணும்."

இப்படி ஒரு வேலைக்காகத்தானே நான் பிறந்ததே! கண்கொத்திப் பாம்பாக நின்றேன். பேச்சு மூச்சு ஒன்றும் இல்லை. சித்தப்பா வாளியைப் பார்ப்பார், பிறகு ஏ.சி.யைப் பார்ப்பார். ஏ.சி.க்குப் பக்கத்து ஜன்னல் கதவு மட்டும் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருக்கும். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஜன்னலையும் திறந்து வைப்பார்களா, என்ன ஜனங்களோ என்று நினைத்துக்கொள்வேன்.

"ஒண்ணும் இல்லைம்மா. ஏ.சி.யைத்தான் பார்த்துண்டே நிக்கறார்," என்று போய்ச் சொன்னேன். அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தாள்.

ஐப்பசி பிறந்து மழை கொட்டியது. மொட்டைமாடியிலிருந்து கொல்லைக்கு இறங்கும் மழைக் குழாயில் அண்டா அண்டாவாகப் பிடிக்கலாம். சித்தப்பாவோ குடையைப் பிடித்துக்கொண்டு சந்துக்கே போனார்.

"மழைத் தண்ணிதான் உத்தமம்னு சொன்னேளே?" என்று மடக்கினேன்.

"இதுகளுக்கு அந்தத் தண்ணியே பழகிடுத்து."

நம்புகிற ஆளா நான்? தண்ணீரில் ரகசியமாக ஏதோ மாமிசச் சத்தைக் கலக்கிறார் என்று முடிவு கட்டினேன். வாளியை மோந்து பார்த்தேன். நாற்றமே இல்லை. அதனால் சந்தேகம் இன்னும் வலுத்தது.

அந்த வாரம்தான் ஒரு குச்சியை மெல்லத் தூக்கிக் காட்டினார். நூல் நூலாகக் கறுப்பு வேர். அழுகிவிட்டதோ என்று பயந்தேன். இந்தச் செடிக்கு வேரே கறுப்புத்தான் என்றார். இன்னொரு தொட்டியில் நகத்தளவு ஒரு குடுவை, மூடி திறந்து நின்றது. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. அந்தத் தொட்டியை எடுத்துப்போய்ச் சந்து மதில்மேல், ஜன்னலுக்கு நேராக வைத்தார். வெளிச்சம் வேண்டுமாம். அந்தச் சந்தில் வெளிச்சத்தை யார் பார்த்தார்கள்?

மறுநாள் அடைமழை. இந்தக் குளிரில் ஏ.சி. சத்தமா என்று வீட்டுக்காரர் குடையோடு இறங்கி வந்தார். வாளியைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், மதில்மேல் இருந்த தொட்டியைப் பார்த்தார், கடைசியாக ஜன்னலைப் பார்த்தார். நேரே எங்கள் வாசலுக்கு வந்தார்.

"அது என்ன செடி?"

"பூச்சி தின்னற செடி சார்," என்றார் அப்பா, பெருமையாக.

வீட்டுக்காரர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். "வெஜிடேரியன் ஃபேமிலின்னு சொல்லித்தானே குடிவந்தேள்? இந்தாத்துல மாமிசம் சாப்பிடற எதுவும் இருக்கப்படாது."

"செடி சார் அது!"

"செடின்னா என்ன? சாப்பிடறது என்ன? அதுவும் அதை வளர்க்கறவனும் நாளைக்கு இங்க இருக்கப்படாது. இல்லேன்னா எல்லாருமா காலி பண்ணிடுங்கோ."

நான் அடுக்களைக்கு ஓடி ஒரு பருக்கை தயிர்சாதமும், மதில்மேலிருந்து அந்தத் தொட்டியும் எடுத்துவந்து, எல்லோர் கண்ணெதிரிலும் குடுவைக்குள் போட்டேன். "பாருங்கோ மாமா, இனிமே இதுக்குத் தயிர்சாதம்தான்!" வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. அப்பா சண்டைக்குத் தயாராகத்தான் இருந்தார். அதற்குள் சித்தப்பாவே, "நான் ஹாஸ்டலுக்குப் போயிடறேன் சார்," என்றுவிட்டார். நான் ஓவென்று அழுதேன். இரண்டு எறும்புக்காக ஒரு மனுஷனை வீட்டை விட்டுத் துரத்துவார்களா? அப்படி ஒரு கோபம் எனக்கு, அந்த எறும்புகள் மேல்கூட.

மறுநாள் காலையில், தொட்டிகளைப் பிளாஸ்டிக் கூடையில் அடுக்கி ஆட்டோவில் ஏற்றினோம்.

"இன்னா செடி சார் இது?" என்றார் ஆட்டோக்காரர்.

"கொசுவைத் தின்னும்," என்றேன் நான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

"அப்டியா! நம்ம ஊட்டாண்ட ஒரு லாரி எறக்கச் சொல்லு பாப்பா."

சித்தப்பா சிரிக்கவில்லை. மாடியைப் பார்க்காமலே ஏறி உட்கார்ந்தார். அவருடைய ப்ராஜெக்ட் அமோகமாகத் தேறியது. ஆனால் அந்த வீட்டுக்கு அவர் மறுபடி வரவே இல்லை.

அன்றும் மழை. சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏ.சி. ஓட ஆரம்பித்தது. வாளி இல்லாத சந்தில் தண்ணீர் பாட்டுக்குச் சொட்டியது. ஜன்னல் அதே ஒரு கை அகலம் திறந்திருந்தது.

"அம்மா, இங்க வந்து பாரேன்! மழையில ஏ.சி. போட்டுண்டு, கரண்ட்டை எப்படி வீணாக்கறா!"

அம்மா வந்தாள். வெகுநேரம் அண்ணாந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், சித்தப்பாவின் வாளியை எடுத்துவந்து ஏ.சி.க்குக் கீழே வைத்தாள். டக், டக்கென்று சத்தம் எழுந்தது.

"எதுக்கும்மா? செடிதான் போயிடுத்தே?"

"வாயை மூடிண்டு உள்ள வா."

அதற்குப் பிறகு தினமும் வைத்தாள். எனக்கா தெரியாது? சித்தப்பா கொடுத்த ஒரு தொட்டியை அம்மா எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறாள்! பரண்மேல், கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னுக்குப் பின்னால் என்று, அடுத்த பொங்கல் வரைக்கும் தேடிக்கொண்டே இருந்தேன்.